அதிகாரி வேடம் சரியில்லை

தூத்துக்குடி
18.09.2024

திருமதி சந்தனச்செல்வி அவர்களுக்கு,

நம் கூட்டு ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவுப்படி, பங்குதாரர்களுக்குள் மனவேறுபாடு வந்தால் எல்லாச் செய்தியும் பதிவுத் தபாலில்தான் போக வேண்டும். வக்கீல் அதை வாசித்துக் காட்டியபோது நாம் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இனிமே எனக்குப் போன் பண்ணாத" என்று போன சனிக்கிழமை நீயே சொல்லிவிட்டதால் வேறு வழியும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தசராவுக்கு வேடம் கட்டுகிறவர்களுக்குக் கிரீடமும் கைகளும் நாக்கும் செய்ய நாம் வாங்கினோமே, பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சில் அழுத்துகிற ஒரு மெஷின், அதற்குக் கடன் கொடுத்தது வங்கி. அதில் ஒரு பங்கை மானியமாகத் தருவது அரசு. மானியம் வந்துவிட்டது என்று நீ ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். வரவில்லை. வங்கியில் தனியாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஆய்வு அதிகாரி ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, தொழில் உண்மையாகவே நடக்கிறதா என்று பார்ப்பார். நடக்கிறது என்று எழுதினால் மானியம் நமக்கு. இல்லையென்றால் அது திரும்பிப் போகும், பின்னாலேயே மெஷினும் போகும். நீ பழையபடி அட்டையை வெட்டி ஜிகினா ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அதிகாரி முதலில் பார்ப்பது வாசல் போர்டை. 'அரசு மானியத்துடன் இயங்கும் தொழிலகம்' என்று எழுதியிருக்கும் அந்தப் போர்டில்தான் நீ ஒன்பது காளி நாக்குகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாய். சிவப்புச் சாயம் வழிந்து 'மானியம்' இருந்த இடமே தெரியவில்லை. அதைத்தான் நான் கேட்டேன். அதற்கு நீ, வேலைக்கு வந்த பெண்கள் எல்லாரும் நிற்கும்போது, என் மதத்தையும் இழுத்து, "நாசரேத்துக்காரிக்கு அம்மன் நாக்கப் பாத்தா பயமாத்தாம்ளா இருக்கும்" என்றாய். பாலிடெக்னிக் விடுதியில் ஒரே தட்டில் சாப்பிட்டவள் நீ. எனக்கு வலித்தது. எழுதிவிட்டேன், இனி அதைப் பற்றிப் பேச மாட்டேன்.

போர்டைத் துடை. அதிகாரி வந்தால் உட்கார வை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். கேட்காததற்கு நீ சொல்லும் பதில்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

இப்படிக்கு,
ஜெபசுதா
பங்குதாரர் (ஐம்பது சதவீதம்)


குலசேகரன்பட்டினம்
24.09.2024

மாண்புமிகு ஐம்பது சதவீதம் அவர்களுக்கு,

மற்ற ஐம்பது சதவீதம் எழுதிக்கொள்வது. உன் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரர் அய்யாக்குட்டி அண்ணாச்சி கையெழுத்து வாங்குவதற்கு முன்னாலேயே, "கோர்ட்டு நோட்டீசாம்மா?" என்று கேட்டுவிட்டார். என் சிநேகிதி எழுதியது என்றேன். இந்தா இருக்கிற தூத்துக்குடியிலிருந்து சிநேகிதிக்குப் பதிவுத் தபாலா என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். இதற்குள் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும்.

போர்டைத் துடைத்துவிட்டேன். தின்னர் அலமாரிக்குள் இருக்கிறது, அலமாரிச் சாவி உன் கைப்பையில் இருக்கிறது, கோபத்தில் அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். அதனால் பெயின்ட் கடையில் தின்னர் வாங்கித் தேய்த்தேன். இப்போது 'மானியம்' பளிச்சென்று தெரிகிறது. 'அரசு'தான் கொஞ்சம் போய்விட்டது.

நாக்கை ஏன் அங்கே போட்டேன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வெயிலில் போட்டால் சாயம் கொப்பளிக்கும். உள்ளே போட்டால் மெஷின் சூட்டில் நெளியும். வெயிலும் படாமல் சாரலும் அடிக்காமல் காற்று மட்டும் வருகிற இடம் இந்தக் கட்டடத்திலேயே அந்தப் போர்டு ஒன்றுதான். நீ கேட்கவில்லை. "குடிசைத் தொழில் புத்தி போகுமா" என்றாய். அதே பெண்கள்தான் அப்போதும் நின்றார்கள். உனக்கு வலித்ததை எழுதிவிட்டாய். எனக்கு வலித்ததை நானும் எழுதிவிட்டேன். கணக்கு நேர்.

அடுத்த வாரம் தசராக் கொடி ஏறுகிறது. ஏறிவிட்டால் இந்த ஊரில் யார் யாரென்று கண்டுபிடிக்க முடியாது. எதிரே வருகிற போலீஸ் நிஜப் போலீஸா, நேர்த்திக்கடனுக்குக் கட்டிய வேடமா என்று தெரியாமல் பாதிப் பேர் கும்பிடுவார்கள், பாதிப் பேர் காணிக்கை போடுவார்கள். இந்த வருடம் காளிக்கு அடுத்தபடி அதிகாரி வேடத்துக்குத்தான் கிராக்கி. ஒரு கலெக்டருக்கும் ஒரு வருமானவரிக்கும் அளவெடுத்திருக்கிறேன். வருமானவரி என் கல்லாப்பெட்டியைத் திறக்கச் சொல்லி அதட்டிப் பார்த்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வேடம் கட்டினால் அந்த ஆளாகவே மாறிவிடுவார்கள்.

அதனால் நீ கவலைப்படாதே. அதிகாரிக்குக் கோட்டு தைத்துக் கொடுக்கிறவளே நான். எனக்கா அதிகாரியை அடையாளம் தெரியாது?

சந்தனச்செல்வி
உரிமையாளர் (நீ இல்லாத நாட்களில்)


தூத்துக்குடி
30.09.2024

செல்விக்கு,

சாவி தெரியாமல் வந்துவிட்டது. தபாலில் அனுப்பினால் தொலைந்துபோகும். நேரில் கொண்டுவருவேன் என்றும் நான் சொல்லவில்லை.

போர்டில் 'அரசு' என்பதைத் திரும்ப எழுது. பில் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். முக்கியமானது ஒன்று. அதிகாரிக்கு டீ கொடுக்கலாம். அதற்கு மேல் ஒரு பைசா கொடுத்துவிடாதே. உனக்குத் தாராளக் கை, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எதையாவது கொடுத்துத்தான் அனுப்புவாய். அவரிடம் அதைச் செய்தால் லஞ்சமாகிவிடும். நம் தொழிலகத்தின் பெயரையே அடித்துவிடுவார்கள்.

நாக்கு காயப்போடுகிற இடத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். படித்தேன் என்று மட்டும்தான் சொல்கிறேன்.

ஜெபசுதா


குலசேகரன்பட்டினம்
10.10.2024

ஏளா ஜெபசுதா,

கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் நேற்று நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். என் வீட்டுக்காரர் மாரிராஜிடம் சொல்லிப் பயனில்லை, அவர் வேன் ஓட்டுகிற அலுப்பில் 'ம்' என்றே கதை கேட்கிற ஆள்.

உன் அதிகாரி இன்னும் வரவில்லை. நேற்று வந்தது ஓர் அதிகாரி வேடம். இவ்வளவு மட்டமான வேடத்தை என் ஆயுசில் பார்த்ததில்லை. கோட்டு இல்லை, டை இல்லை. சட்டையை வெளியே விட்டுக்கொண்டு, ரப்பர் செருப்பும் தோளில் ஒரு துணிப்பையுமாக பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறார். எந்த அதிகாரியாவது பஸ்ஸில் வருவாரா? ஆனால் நடிப்பு இருக்கிறதே, அப்படியொரு நடிப்பு. "வணக்கமுங்க, மானிய ஆய்வுக்கு வந்திருக்கேனுங்க" என்றார். பேச்சைக்கூடக் கோயம்புத்தூர்ப் பக்கமாக மாற்றிக்கொண்டு வந்திருந்தார். மெஷினுக்கு எவ்வளவு கரண்ட் செலவாகும், வேலைக்கு எத்தனை பெண்கள், தகடு எங்கே வாங்குகிறோம் என்று ஒன்று விடாமல் கேட்டார். நானும் விளையாட்டாகப் பதில் சொல்லி, மெஷினை ஓட்டியும் காட்டினேன். காளி நாக்கு ஒன்று வந்து முன்னால் விழுந்ததும் இரண்டடி பின்னால் போனார். அதுகூடத் தத்ரூபம்.

கடைசியில் கோப்பை விரித்து என் முன்னால் நீட்டினார். மற்றவர்கள் தட்டு நீட்டுவார்கள், இவர் கோப்பு. புது யோசனை என்று மெச்சிக்கொண்டே பத்து ரூபாயை அதில் வைத்துக் கும்பிட்டேன். "அய்யோ, இது தப்புங்க, எடுத்துடுங்க" என்று பதறிவிட்டார். லஞ்சம் வாங்காத அதிகாரியாம். அந்த நடிப்புக்காக இன்னொரு பத்து வைத்தேன்.

பிறகு, இந்தச் சாமானையெல்லாம் யார் வாங்குவார்கள், சந்தை எங்கே இருக்கிறது என்று கேட்டார். "வேன்ல ஏறுங்க, கண்ணால பாருங்க" என்றேன். அந்தச் சட்டையோடு காளிகளுக்கு நடுவில் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. நம் கோட்டு ஒன்றை மாட்டி, டை கட்டி, மீசை எடுபடாமல் இருந்ததால் மையைத் தொட்டுக் கொஞ்சம் எடுப்பாக்கினேன். "இதுவும் ஆய்வுல சேருமுங்களா?" என்று கேட்டார். "இதுதாம்யா ஆய்வே" என்று சொல்லி, மாரிராஜ் வேனில் கிளம்பிக்கொண்டிருந்த தசராக் குழுவில் இரண்டு காளிகளுக்கு நடுவில் உட்கார வைத்து அனுப்பினேன். கோட்டுக்கு வாடகைகூடக் கேட்கவில்லை.

நிஜ அதிகாரி வந்ததும் எழுதுகிறேன். நீ சொன்னபடி அவருக்கு ஒரு பைசா கொடுக்க மாட்டேன், பயப்படாதே.

செல்வி


தூத்துக்குடி
14.10.2024

ஏளா செல்வி,

அது வேடம் இல்லை.

வங்கி மேனேஜர் காலையில் எனக்குப் போன் செய்தார். அந்த மனிதரின் பெயர் சென்னியப்பன். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து மாற்றலாகி இப்போதுதான் வந்திருக்கிறார், தசராவை ஜென்மத்தில் பார்த்ததில்லை. பஸ்ஸில் வந்தது அரசாங்கத்துக்குச் செலவு வைக்கக் கூடாது என்பதற்காக. ரப்பர் செருப்பு, கடற்கரை ஊர் என்பதற்காக. கோப்பை நீட்டியது பில் நகல்களை வாங்குவதற்காக. மேனேஜர் சொல்லி முடிக்கவும் உன் கடிதம் வரவும் சரியாக இருந்தது.

உன் நம்பருக்கு அடித்து அடித்துப் பார்த்தேன். என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். நன்றாக இரு.

வேன் அவரைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டதாம். கோட்டோடு, விரித்த கோப்போடு நின்றவரைச் சுற்றி ஜனங்கள் காசு போட்டிருக்கிறார்கள். வேண்டாம் வேண்டாம் என்று அவர் சொல்லச் சொல்ல, நன்றாக நடிக்கிறார் என்று இன்னும் போட்டிருக்கிறார்கள். ஒருவர் சாக்கடை அடைப்பைப் பற்றி மனுவே கொடுத்திருக்கிறார். கூட்டத்தில் வழி கேட்டால் யாரும் விடவில்லையாம். எல்லாக் காசையும் உண்டியலில் போட்டுவிட்டு அந்தக் கோலத்திலேயே பஸ் ஏறியிருக்கிறார். நேர்த்திக்கடன் என்று கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் விட, இவர் மல்லுக்கட்டி டிக்கெட் வாங்கியிருக்கிறார்.

அவ்வளவு நேர்மையான மனிதர். அதுதான் நமக்கு வினை. நீ வைத்த இருபது ரூபாயை அவரே மேலிடத்துக்கு எழுதிவிட்டார். அரசு அலுவலரின் கோப்பில் பணம் வைத்தது ஏன் என்று விளக்கம் கேட்டு உனக்குக் கடிதம் வரும். பதில் அவர்களுக்குத் திருப்தியாக இல்லையென்றால் மானியம் நிற்கும், மெஷின் போகும், இனி எந்தத் திட்டத்திலும் நம் பெயர் ஏறாது.

முதலில் வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு அழுதேன். இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

சுதா


குலசேகரன்பட்டினம்
17.10.2024

சுதா,

விளக்கம் கேட்ட கடிதம் வந்துவிட்டது. இதோடு வைத்திருக்கிறேன். அய்யாக்குட்டி அண்ணாச்சி இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

ஒரு நிஜ மனிதருக்கு மை தொட்டு மீசை வரைந்திருக்கிறேன். நினைக்க நினைக்கக் கூசுகிறது. ராத்திரி சோறு இறங்கவில்லை. மெஷினைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். எவ்வளவு ஆசைப்பட்டு வாங்கினோம். முதல் கிரீடம் அச்சிலிருந்து கழன்று வந்த அன்றைக்கு நீ அதைத் தலையில் வைத்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரை நடந்தாய், ஞாபகம் இருக்கிறதா?

ஒன்று செய். செய்தது நான் ஒருத்தி. நீ அன்றைக்கு ஊரிலேயே இல்லை. எல்லாம் என் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். கூட்டிலிருந்து விலகிவிட்டேன் என்று நீ ஒரு கடிதம் எழுதிவிடு. உன் பெயரில் வேறு தொழில் தொடங்கினால் உனக்காவது மானியம் கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மன் நாக்கைப் பார்த்து உனக்குப் பயம் என்று நான் சொன்னது பொய். அந்த நாக்குக்கு முதல் அச்சை மண்ணில் பிடித்துக் கொடுத்தவளே நீதான். அதைத் தெரிந்துகொண்டே சொன்னேன். கோபத்தில் கைக்கு அகப்பட்டதை எறிவது மாதிரி எறிந்துவிட்டேன்.

போனில் உன் நம்பரை பிளாக் செய்ததை எடுக்க எனக்குத் தெரியவில்லை. மாரிராஜுக்கும் தெரியவில்லை.

செல்வி


தூத்துக்குடி
21.10.2024

ஏளா செல்வி,

விலகல் கடிதம் எழுத எனக்கு நேரமில்லை. விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். உன் பார்வைக்கு முக்கியமான பகுதியை இங்கேயும் எழுதுகிறேன், மற்றதெல்லாம் 'பொருள், பார்வை, கனம்' வகைதான்.

'குலசேகரன்பட்டினத்தில் தசராக் காலத்தில் வேடமணிந்து வாசலுக்கு வருபவரை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் இல்லை. கொடுப்பவர் எதிரே நிற்கும் ஆளுக்குக் கொடுப்பதில்லை, அம்மனுக்குக் கொடுக்கிறார். வாங்குபவரும் தமக்கென்று வைத்துக்கொள்வதில்லை, கோயிலில் சேர்க்கிறார். ஆகவே அந்த இருபது ரூபாய் தங்கள் அலுவலருக்குக் கொடுக்கப்பட்டதே அல்ல. அதை அவர் உண்டியலில் சேர்த்ததன் மூலம், தாம் அறியாமலேயே வழக்கத்தை முறையாக நிறைவேற்றியிருக்கிறார். அவருக்கு அணிவிக்கப்பட்ட கோட்டு எங்கள் தொழிலகத்தின் உற்பத்திப் பொருள். அதை ஊரே நம்பியது அதன் தரத்துக்குச் சான்று.

இதில் எங்கள் தவறு ஒன்றே ஒன்று. எளிமையாக வந்த ஓர் அதிகாரியை அதிகாரி என்று நம்பாமல் போனோம். அதற்குப் பங்குதாரர்கள் இருவரும் மன்னிப்புக் கோருகிறோம்.'

'இருவரும்' என்று எழுதியிருப்பதைப் பார். நான் ஊரில் இல்லை என்பது என் தவறு. தசரா நாட்களில் நான் உன்னோடு இருந்திருந்தால், அவரைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்திருக்கும். அதிகாரிகள் பஸ்ஸில்தான் வருவார்கள் என்று நாசரேத்தில் எல்லாருக்கும் தெரியும், எங்கள் வீட்டிலேயே மூன்று பேர் அப்படிப்பட்டவர்கள்.

குடிசைத் தொழில் புத்தி என்றதை வாபஸ் வாங்குகிறேன். இதற்கு மேல் என்னால் மன்னிப்புக் கேட்க முடியாது, கை வலிக்கிறது.

மெஷின் மேல் போட்ட துணியை எடு.

சுதா


குலசேகரன்பட்டினம்
உன் மேஜைக்கு எதிர் மேஜை
15.11.2024

என் ஐம்பது சதவீதத்துக்கு,

இதைத் தபாலில் அனுப்பவில்லை. நீ டீ குடிக்கப் போயிருக்கும்போது உன் மேஜையில் வைக்கிறேன். பதினான்காம் பிரிவை மீறியதற்கு வழக்குப் போடு. நேற்று நடந்ததெல்லாம் உனக்கும் தெரியும். ஆனாலும் நம் ஒப்பந்தப்படி எழுத்தில் இருக்கட்டும்.

விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது, மறு ஆய்வுக்குப் பங்குதாரர்கள் இருவரும் நேரில் இருக்க வேண்டும் என்று கடிதம் வந்ததும், நீ முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாய். அடுத்த பஸ்ஸில் அவர் இறங்கினார். அதே பை, அதே செருப்பு. கையில் நம் கோட்டு, துவைத்து இஸ்திரி போட்டது. நான் இந்த முறை ஏமாறக் கூடாது என்று அடையாள அட்டையைக் கேட்டேன். காட்டினார். வேறு அட்டை இருக்கிறதா என்று கேட்டபோதுதான் நீ என் காலை மிதித்தாய். இன்னும் வலிக்கிறது.

அவர் மெஷினைப் பார்த்து முடித்த நேரத்தில் மழை பிடித்தது. மதுரைக் கல்லூரி நாடகக்காரர்கள் கேட்ட ஒன்பது நாக்குகள் பின்னால் காய்ந்துகொண்டிருந்தன. மேகமாக இருக்கிறது, வெயில் வராது என்று நம்பிப் போட்டிருந்தேன். அதிகாரி வரும் நாளில் போர்டைத் தொட எனக்குத் தைரியமில்லை. நான் எழுந்திருப்பதற்குள் நீ ஓடினாய். அள்ளிக்கொண்டு வந்து எங்கே மாட்டினாய்? அந்தப் போர்டில். ஒவ்வொன்றாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், காற்றுப் பார்த்து.

போர்டையும் பங்குதாரர்களையும் சேர்த்துப் படம் எடுத்து மேலே அனுப்ப வேண்டும் என்றார் அவர். அப்போதுதான் நீ என்ன செய்தாய் என்று உனக்கே உறைத்தது. பதறிப்போய் நாக்குகளைக் கழற்றப் போனாய். "இருக்கட்டுமுங்க. தொழில் நடக்குதான்னுதானுங்க கேக்கறாங்க. நடக்கறது தெரியட்டுமுங்க" என்று சொல்லி அப்படியே எடுத்துக்கொண்டார். மானியம் வங்கிக்கணக்கில் சேர இனித் தடையில்லை என்று அவர் சொன்னபோது, நீ ஏதோ ஜெபம் முணுமுணுத்தாய், நான் அம்மனைக் கும்பிட்டேன், அவர் குடையைத் தேடினார்.

போகும்போது கூச்சப்பட்டுக்கொண்டே, அடுத்த வருடத்துக்கு வேடம் தைக்க அளவெடுப்பீர்களா என்று கேட்டாரே. கோட்டுதான் இருக்கிறதே என்றேன். "வேண்டாமுங்க. அதிகாரியாப் போனா ஒருத்தரும் வழி விடலீங்க. கரடியாப் போறேனுங்க" என்றார். நீ அந்த இடத்திலேயே முன்பணத்துக்குப் பில் போட்டுக் கொடுத்தாய். நம் தொழிலகத்தில் வாடிக்கையாளருக்கு முறையாகப் போட்ட முதல் பில் ஒரு கரடிக்குத்தான்.

நீ திரும்பி வந்தது எனக்குச் சந்தோஷம். நேரில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

கடைசியாக ஒன்று. படம் எடுக்கும்போது நீ போர்டோடு ஒட்டி நின்றாய். உன் வெள்ளைச் சேலையில், முதுகுப் பக்கம், ஒரு முழு காளி நாக்கு அச்சாகியிருந்தது. நேற்றே சொன்னால் கத்துவாய் என்று வாயை மூடிக்கொண்டேன். நீயும் அதோடுதான் தூத்துக்குடி வரை பஸ்ஸில் போய், வீட்டில் அதைப் பார்த்துவிட்டு, அதே சேலையைப் பையில் சுருட்டிக்கொண்டு இன்றைக்கு வந்திருக்கிறாய். தின்னர் போட்டால் போய்விடும். அது அலமாரிக்குள் இருக்கிறது. சாவி இன்னும் உன்னிடம்தான்.

செல்வி